ஊட்டிப் பனியும் நம் லாபித் தொட்டிகளும்



சென்ற மார்கழியில் நம் கீழ்த்தள லாபியில் இருந்த 18 தொட்டிச் செடிகளில் 11 செத்துப்போனது உங்களுக்கு நினைவிருக்கும். தை மாதக் கூட்டத்தில் அதைப் பற்றிப் பேச்சு வந்தது. வாட்ச்மேன் ஒழுங்காகத் தண்ணீர் ஊற்றவில்லை, அதனால்தான் காய்ந்துவிட்டன என்று ஒருவர் சொன்னார். பலர் தலையாட்டினார்கள். நானும் அங்கே இருந்தேன். வாய் திறக்கவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தினமும் தண்ணீர் ஊற்றச் சொன்னது நான். காலையிலும் மாலையிலும் இலைகளுக்கு ஸ்ப்ரே அடிக்கச் சொன்னதும், லாபியின் கண்ணாடிக் கதவை இரவு பகலாகச் சாத்திவைக்கச் சொன்னதும் நான்தான். அவர் சொன்னபடி செய்தார். செடிகள் காயவில்லை, அழுகின. பிறகு ஒரு தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். வேர் கறுத்து, கையில் பிடித்தால் வழவழவென்று கழன்று வந்தது. மண்ணில் புளித்த நாற்றம்.

இந்த யோசனைகள் எனக்கு எங்கிருந்து வந்தன? பேத்தி அனுப்பிய ஒரு ஆங்கிலக் கட்டுரையிலிருந்து. 'குளிர்காலத்தில் வீட்டுச் செடிகளைக் காப்பது எப்படி' என்பது தலைப்பு. அதில் இருந்தது எதுவும் பொய் இல்லை. ஆனால் அது மானகிரிக்கு எழுதியது இல்லை. அந்த யோசனைகள் எந்த ஊரில், எதற்காகப் பிறந்தன என்று தேடிப் படித்தபோது இருநூறு வருடக் கதை ஒன்று கிடைத்தது. அதில் நம் செட்டிநாட்டுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. லாபியில் பிளாஸ்டிக் செடி வைத்துவிடலாம் என்ற தீர்மானம் அடுத்த கூட்டத்துக்கு வரவிருக்கிறது. கை தூக்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

முதலில் நம் தொட்டிகளில் இருப்பவர்கள் யார் என்று பார்ப்போம். மணி பிளான்ட்டின் பூர்வீகம் பசிபிக் கடல் நடுவே, தஹிதிக்குப் பக்கத்தில் உள்ள மோரியா தீவு. மான்ஸ்டெரா மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கம். அரிக்கா பாம் மடகாஸ்கர். குரோட்டன்ஸ் கிழக்கு இந்தோனேசியத் தீவுகள். ஸ்நேக் பிளான்ட் மேற்கு ஆப்பிரிக்கா. அதன் ஒன்றுவிட்ட தம்பி நம் ஊரிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டின் வறண்ட புதர்க்காடுகளில் வளரும் மருள்தான் அது. அந்தக் காலத்தில் அதன் நாரை உரித்து வில்லுக்கு நாண் கட்டினார்கள். அதை யாரும் தொட்டியில் வைத்து 350 ரூபாய்க்கு விற்பதில்லை.

இவற்றில் பெரும்பாலானவை மழைக்காட்டில், பெருமரங்களின் நிழலில் வளர்பவை. அதனால்தான் வீட்டுக்குள் கிடைக்கும் அரைகுறை வெளிச்சம் அவற்றுக்குப் போதுகிறது. குளிர் என்பதையே அவை பார்த்ததில்லை. 10, 12 டிகிரிக்குக் கீழே இறங்கினால் பலவற்றுக்கு இலை கருகும், தண்டு கொழகொழத்துப் போகும். இப்படிப்பட்ட செடிகளை லண்டனில் வளர்க்க ஆசைப்பட்டார்கள். கதை அங்கே ஆரம்பிக்கிறது.

கொண்டு போவதே பெரும்பாடாக இருந்தது. சீனாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேற்றும் ஆயிரம் செடிகளில் ஒன்றுதான் பிழைக்கிறது என்று 1819இல் மக்காவில் இருந்த ஒரு மருத்துவர் கணக்குச் சொன்னார். உப்புக்காற்று, குடிதண்ணீர்த் தட்டுப்பாடு, வெயில், குளிர் எல்லாம் சேர்ந்து கொன்றன. கப்பலில் மனிதனுக்கே தண்ணீர் அளந்து கொடுக்கும்போது செடிக்கு யார் ஊற்றுவார்கள்?

இதற்கு வழி கண்டவர் தோட்டக்காரர் இல்லை. நத்தானியேல் வார்டு என்ற லண்டன் டாக்டர். துறைமுகத்துக்குப் பக்கத்தில் அவர் வீடு. நிலக்கரிப் புகையில் அவர் வைத்த பெரணிச் செடிகள் எல்லாம் பட்டுப்போயின. 1829இல் ஒரு கூட்டுப்புழு அந்துப்பூச்சியாக மாறுவதைப் பார்க்க ஆசைப்பட்டு, ஈரமண் போட்ட கண்ணாடிப் பாட்டிலில் அதை வைத்து மூடினார். பூச்சியைக் கவனித்துக்கொண்டிருந்தவர் கண்ணில், அந்த மண்ணில் தானாக முளைத்த ஒரு பெரணியும் கொஞ்சம் புல்லும் பட்டன. மூடிய பாட்டிலுக்குள் ஈரம் ஆவியாகி, கண்ணாடியில் படிந்து, திரும்ப மண்ணுக்கே வடிந்தது. தண்ணீரே ஊற்றாமல் செடி வாழ்ந்தது. 1833இல் இதே முறையில் இரண்டு கண்ணாடிப் பெட்டிகளைச் செய்து சிட்னிக்குக் கப்பலேற்றினார். செடிகள் உயிரோடு போய்ச் சேர்ந்தன. அதே பெட்டிகளில் ஆஸ்திரேலியச் செடிகள் கொடும் வெயிலையும் பனியையும் தாண்டி லண்டனுக்குத் திரும்பி வந்தன. இதற்கு வார்டு பெட்டி என்று பெயர் வந்தது. சீனத் தேயிலைக் கன்றுகள் இமயமலைப் பக்கம் வந்தது இந்தப் பெட்டிகளில்தான்.

கொண்டு வந்தாயிற்று. குளிர்காலத்தில் எங்கே வைப்பது? கண்ணாடி வீட்டில். இங்கே வணிகவியல் படித்தவன் என்ற முறையில் ஒரு வரிக் கதை சொல்ல அனுமதி கொடுங்கள். இங்கிலாந்தில் 1746 முதல் கண்ணாடிக்கு எக்சைஸ் வரி இருந்தது. எடையை வைத்து வரி. அதனால் கண்ணாடி வீடு பிரபுக்களுக்கு மட்டும் கட்டுப்படியான விஷயம். டெவன்ஷயர் பிரபுவுக்காக ஜோசப் பாக்ஸ்டன் 1836இல் சாட்ஸ்வொர்த்தில் ஒன்று கட்ட ஆரம்பித்தார். உள்ளே குதிரை வண்டி ஓட்டிப் போகலாம், அவ்வளவு பெரிது. கொதிகலன்கள் பூமிக்கடியில். நிலக்கரியும் சுரங்கப்பாதையில் வந்தது, மேலே உலாவும் விருந்தினர் கண்ணில் கரி படக்கூடாது என்பதற்காக. 1845இல் கண்ணாடி வரியை எடுத்தார்கள். விலை இறங்கியது, நடுத்தர வர்க்கத்து வீடுகளிலும் கண்ணாடி அறைகள் வந்தன. ஒரு வரியை எடுத்தால் யார் வீட்டில் என்ன முளைக்கும் என்பது பட்ஜெட் போடும்போது யாருக்கும் தெரிவதில்லை.

லண்டனை ஒட்டிய கியூ தோட்டத்தில் பாம் ஹவுஸ் 1844இல் தொடங்கி 1848இல் முடிந்தது. 363 அடி நீளம், நடுவில் 66 அடி உயரம். கொதிகலன்கள் தரைக்குக் கீழே. அவற்றின் புகையைச் சுரங்கம் வழியாகத் தூரத்தில் கட்டிய கோபுரத்துக்குக் கொண்டுபோய் விட்டார்கள். முதலில் பச்சை நிறம் ஏற்றிய கண்ணாடி போட்டார்கள், வெயில் இலையைச் சுட்டுவிடக்கூடாது என்று. இதை நினைவில் வையுங்கள், கடைசியில் நம் தெற்கு பால்கனிக்கு வரும்போது தேவைப்படும்.

இனி நம் ஊர்ப் பங்கு. 1876இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் அமேசான் காட்டிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளைக் கியூவுக்குக் கொண்டுவந்தார். சூடேற்றிய கண்ணாடி வீடுகளில் விதைத்ததில் முளைத்தவை 3,000கூட இல்லை. அவற்றில் 1,900க்கு மேற்பட்ட கன்றுகள் வார்டு பெட்டிகளில் அதே வருடம் இலங்கைக்கு வந்தன. மறு வருடம் 22 கன்றுகள் சிங்கப்பூர் போயின. மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கு ஆரம்பம் இது. அந்த மலாயாவில் கொடுக்கல் வாங்கல் செய்தவர்கள், தோட்டக்காரர்களுக்குக் கடன் கொடுத்தவர்கள், பிறகு தாங்களே தோட்டம் வாங்கியவர்கள் நம் நகரத்தார். கானாடுகாத்தானிலும் தேவகோட்டையிலும் காரைக்குடியிலும் நீங்கள் பார்க்கும் பெரிய வீடுகளில் பர்மா நெல் பணத்தோடு மலாயா ரப்பர் பணமும் கலந்திருக்கிறது. குளிர்தேசத்தில் ஒரு கண்ணாடிக் கூரைக்கடியில், வெந்நீர்க் குழாயின் சூட்டில் முளைத்த சில ஆயிரம் கன்றுகளுக்கும் நம் பக்கத்துத் தேக்குத் தூண்களுக்கும் இப்படி ஒரு வரவு செலவு உறவு. (நம் லாபியில் இருக்கும் 'ரப்பர் பிளான்ட்' இது இல்லை. அது அசாம் பக்கத்து ஆல் வகை. மேகாலயாவில் அதன் வேரை வளைத்துத்தான் உயிருள்ள பாலம் கட்டுகிறார்கள்.)

சாட்ஸ்வொர்த் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். முதல் உலகப் போர் வந்தது. நிலக்கரி போருக்குப் போயிற்று. கொதிகலன் அணைந்தது. எண்பது வருடமாகச் சேர்த்த செடிகள் குளிரில் செத்தன. 1920இல் அந்தக் கண்ணாடி மாளிகையை வெடி வைத்துத் தகர்த்தார்கள்.

பிறகு இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பா, அமெரிக்காவில் சாதாரண வீடுகளுக்கும் ஹீட்டர் வந்தது. கியூவில் இருந்த செடி வரவேற்பறைக்கு வந்தது. ஹீட்டர் காற்று வறண்ட காற்று, இலை நுனி காயும். அதனால் 'தினமும் ஸ்ப்ரே அடி'. ஜன்னலைத் திறந்தால் பனிக்காற்று. அதனால் 'கதவைச் சாத்து'. லண்டனில் டிசம்பர் பகல் 8 மணி நேரம்கூட இல்லை. அதனால் 'ஜன்னலோரம் தள்ளி வை'. நான் படித்த கட்டுரையின் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு கொதிகலன் இருக்கிறது. 'தினமும் தண்ணீர்' மட்டும் அதில்கூட இல்லை, குறைத்து ஊற்றச் சொல்லியிருந்தார்கள். ஸ்ப்ரே தினமும் என்றால் தண்ணீரும் தினமும்தானே என்று கூட்டிக்கொண்டது என் கணக்கு.

எனக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும். 1986 முதல் மூன்று வருடம் ஊட்டியில் வேலை பார்த்தவன் நான். கல்யாணமான புதிது. ஞாயிறு மாலையில் நானும் மனைவியும் தாவரவியல் பூங்காவுக்குப் போவோம், செலவில்லாத பொழுதுபோக்கு.

அந்தப் பூங்காவின் கதையும் சந்தாவில்தான் தொடங்குகிறது. 1845இல் ஊட்டியில் இருந்த ஐரோப்பியர்கள் மாதம் 3 ரூபாய் சந்தா போட்டு ஒரு காய்கறித் தோட்டம் நடத்தினார்கள். அந்தத் திட்டம் நீடிக்கவில்லை. (நம் பொருளாளர் இதைப் படித்துவிட்டு ஒரு பெருமூச்சு விடுவார்.) பிறகு பொதுப் பூங்கா அமைக்க முடிவாகி, 1848இல் கியூவில் பயிற்சி பெற்ற வில்லியம் கிரகாம் மெக்கைவர் வந்து சேர்ந்தார். மேலே காடு, கீழே சதுப்பு. அதைத் திருத்தி இன்று நாம் பார்க்கும் பூங்காவின் அடித்தளத்தைப் போட்டவர் அவர். மலேரியாவுக்கு மருந்தான சின்கோனாவை நீலகிரியில் வளர்த்துக் காட்டியவரும் அவரே. 1860இல் பெரு நாட்டிலிருந்து இங்கிலாந்து, செங்கடல் வழியாக வந்த முதல் தொகுதிக் கன்றுகள் ஊட்டிக்கு வந்ததும் பட்டுப்போயின. குளிர் தாங்காமல் இல்லை, வழியில் பட்ட சூட்டில் நொந்துபோய். 1861இல் ஈக்வடாரிலிருந்து வந்தவைதான் பிழைத்தன. வார்டு பெட்டியாலும் எல்லாவற்றையும் காப்பாற்ற முடியவில்லை என்பதற்கு இதைச் சொல்கிறேன்.

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை மேகமில்லாத இரவுகளில் உறைபனி விழும். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் மாதிரி பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால் சரிவில் இருக்கும் செடி பிழைத்து, பள்ளத்தில் இருப்பது கருகும். காந்தல், தலைக்குந்தா, குதிரைப் பந்தய மைதானம் என்று பனி எங்கே விழும் என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பூங்காவில் பொழுது சாய்வதற்கு முன் தோட்டக்காரர்கள் கோத்தகிரி மிலார் செடிக் கொத்துகளைக் கொண்டுவந்து நாற்றுகளின் மேல் கூடாரம் மாதிரிக் கவிழ்த்து வைப்பார்கள். பகலில் மண் வாங்கிவைத்த சூடு இரவில் வானத்துக்கு ஓடிவிடாமல் அது பிடித்துக்கொள்ளும். காலையில் வெயில் ஏறுவதற்குள் புல்வெளியில் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைப்பார்கள். கொதிகலன் இல்லை, நிலக்கரி இல்லை. இப்போதும் ஒவ்வொரு வருடமும் பேப்பரில் அந்தப் படம் வருகிறது.

ஒரு தடவை அங்கே வேலை செய்த பெரியவரிடம், எங்கள் வீட்டு பெகோனியாவுக்கு என்ன செய்ய வேண்டும் என்று என் மனைவி கேட்டாள். "வீடு எங்கம்மா இருக்கு, மேட்டுலயா பள்ளத்துலயா?" என்றுதான் அவர் முதலில் கேட்டார். செடியின் பெயரைக்கூட அப்புறம்தான் கேட்டார்.

மாற்றலாகிக் காரைக்குடிக்கு வரும்போது அந்த பெகோனியாவை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். சித்திரை தாண்டவில்லை. கூடவே ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்த மணி பிளான்ட் கொடி இன்றும் இருக்கிறது. அவள் போய் ஆறு வருடம் ஆகிறது. மணி பிளான்ட் வீடுகளில் பூப்பதே இல்லை. பூக்க வைக்கும் ஹார்மோனை அதனால் சரியாகச் செய்துகொள்ள முடியாது என்று 2016இல் ஆராய்ந்து கண்டிருக்கிறார்கள். விதை கிடையாது, துண்டுதான். ஆகவே உங்கள் வீட்டில் இருப்பதும் யாரோ ஒருவர் வெட்டிக் கொடுத்த கொடியின் மிச்சம்தான்.

சரி, நம் மானகிரிக்கு வருவோம். நமக்குக் குளிர்காலம் என்பது என்ன? மார்கழி விடியலில்கூட 20 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்குவதில்லை. செடிக்கு அது சுகமான சூடு. படுக்கையறை ஏசியை 18இல் வைத்து அதன் நேர் எதிரே அக்லோனிமாவை வைக்கிறோமே, அதுதான் நம் செடிகள் பார்க்கும் ஒரே பனிக்காலம். அது வருவது பங்குனி, சித்திரையில்.

நம் மார்கழியின் ஆபத்து ஈரம். ஐப்பசி, கார்த்திகை அடைமழை, மேகமூட்டம், காற்றில் ஏற்கனவே ஈரப்பதம். தொட்டி மண் காய வைகாசியைவிடப் பல மடங்கு நாளாகும். வேருக்குத் தண்ணீர் மட்டும் போதாது, மண்ணின் இடுக்குகளில் காற்றும் வேண்டும். தினமும் ஊற்றினால் இடுக்கெல்லாம் தண்ணீர் நிறைந்து வேர் மூச்சுமுட்டும், பிறகு பூஞ்சை பிடிக்கும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. எனவே இலை வாடித் தொங்கும். பார்ப்பவர் தாகம் என்று நினைத்து இன்னொரு மக் ஊற்றுவார். சென்ற வருடம் நாம் செய்தது இதைத்தான். 'காய்ந்துபோன செடி' என்று கூட்டத்தில் சொன்னது இப்படி வாடிய செடியைத்தான்.

விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் பட்டால் அன்றைக்கு விடுமுறை. ஸ்நேக் பிளான்ட்டுக்கும் இசட்இசட் செடிக்கும் மழைக்காலத்தில் இரண்டு, மூன்று வாரம் சும்மா இருந்தாலும் ஒன்றும் ஆகாது. தொட்டியின் அடி ஓட்டை அடைத்திருக்கிறதா என்று பார்ப்பது உரம் போடுவதைவிட முக்கியம். அடித்தட்டில் தண்ணீர் தேங்கினால் செடிக்கு அழுகல், நமக்கு டெங்குக் கொசு.

இன்னொன்று வெயில். நம் ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே 10 டிகிரியில் இருக்கிறது. சித்திரை தொடங்கி ஆவணி பாதி வரை உச்சி வெயில் நமக்குச் சற்று வடக்கே நிற்கும். அப்போது தெற்கு பால்கனி நிழல். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடும். 7 அடி உயரத் திறப்பு என்றால் உச்சிப் பொழுதிலேயே நாலரை அடி உள்ளே வெயில் வந்து விழும். எட்டு மாதமாக நிழலில் இருந்த செடி திடீரென்று வெயிலில் மாட்டிக்கொள்கிறது. சி பிளாக்கில் இரண்டு வீடுகளில் இலை வெளுத்துப் பழுப்பாகப் புள்ளி விழுந்ததற்குக் காரணம் நோய் இல்லை, இதுதான். கியூவில் பச்சைக் கண்ணாடி போட்டார்கள். நமக்கு ஒரு பழைய வேட்டி போதும், அல்லது தொட்டியை ஐந்தடி உள்ளே இழுத்துவிட்டால் போதும். வடக்கு பால்கனிக்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை, அவர்கள் முறை சித்திரையில் வரும்.

நம் பெரியவர்கள் பெல்ஜியம் கண்ணாடியை வாங்கி வந்து ஜன்னலிலும் சுவரிலும் பதித்தார்களே தவிர, அதைக் கூரையாகப் போட்டுச் செடி வளர்க்கவில்லை. வளவு நடுவே வானத்தைத் திறந்துவிட்டார்கள். மழை, வெயில், காற்று மூன்றும் முற்றத்தில் இறங்கின, துளசி அதில் வளர்ந்தது. நம் லாபிக்கு முற்றம் இல்லை. கண்ணாடிக் கதவு இருக்கிறது. பகலில் அதைத் திறந்து வைக்கலாம்.

மிச்சமிருக்கும் 7 செடிகளை நான் புரட்டாசியிலேயே மண் மாற்றி, தொட்டிக்கு அடியில் செங்கல் துண்டு வைத்து உயர்த்திவிட்டேன். ஒன்றில் மட்டும் மாவுப்பூச்சி இருந்தது, வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புத் தண்ணீரும் கலந்து துடைத்ததில் போய்விட்டது. இந்த மழைக்காலம் முழுக்கத் தண்ணீர்க் கணக்கை ஒரு நோட்டில் எழுதிவருகிறேன், வங்கிப் பழக்கம் விடவில்லை. ஏழும் உயிரோடு இருக்கின்றன. வாரம் ஒருமுறைக்கு மேல் எதற்கும் ஊற்றியதில்லை.

போன வாரம் வாட்ச்மேனிடம் போய், அன்றைக்குக் கூட்டத்தில் நான் பேசாமல் இருந்தது தப்பு என்று சொன்னேன். அவர் சிரித்தார். "மண்ணு ஈரமாத்தான் சார் இருந்துச்சு. எங்க ஊர்ல கத்தரி நாத்துக்குக்கூட மழை நாள்ல யாரும் ஊத்த மாட்டாங்க. நீங்க படிச்சவங்க சொல்றீங்களேன்னு ஊத்துனேன்."

காலியாக இருக்கும் 11 தொட்டிகளுக்கு நர்சரியில் கேட்டேன், மண்ணோடு சேர்த்து 2,200 ரூபாய் ஆகும் என்றார்கள். பிளாஸ்டிக் செடிக்கு வந்திருக்கும் கொட்டேஷனைச் செயலாளரிடம் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். மணி பிளான்ட் துண்டுகள் இருபது, பாட்டில் தண்ணீரில் வேர்விட்டு என் வீட்டுச் சமையலறை ஜன்னலில் நிற்கின்றன. வேண்டுகிறவர்கள் ஞாயிறு காலை பத்து மணிக்குமேல் வந்து வாங்கிக்கொள்ளலாம். ஓட்டை உள்ள தொட்டியாகக் கொண்டுவாருங்கள்.